கூலிப்படையும் குளத்து மீனும்

தோழா,

விடியற்காலையில் மீன்குளத்துக் கரையில் நின்றிருக்கிறாயா? தவிட்டையும் பிண்ணாக்கையும் உருட்டி வீசியதும், அமைதியாய்க் கிடந்த நீர் உலைக் கொதிப்பெனத் துள்ளும். கட்லா மேலே பாயும். ரோகு நடுவிலே நெளியும். மிர்கால் அடியிலே சேற்றைக் கிளறும். அந்தத் துள்ளலைக் கண்டு கரையில் நிற்பவனின் உள்ளமும் துள்ளும். மகளின் திருமணம், மகனின் படிப்பு, வட்டிக்கடையின் பாக்கி - அத்தனையும் அந்த நீருக்கடியிலேதான் நீந்திக்கொண்டிருக்கின்றன!

ஒருநாள் அந்தத் துள்ளல் இல்லை. கரையோரத்திலே இரண்டு மீன்கள் வாய் பிளந்து மிதக்கின்றன. மறுநாள் இருபது. மூன்றாம் நாள் இருநூறு. குத்தகைக்காரன் நெஞ்சிலே இடி! ஓடுகிறான் மருந்துக் கடைக்கு. “தீவனத்தில் கலந்து போடு, தீர்ந்தது தொல்லை” என்கிறார் கடைக்காரர். என்ன நோய் என்று கேட்பாரில்லை; எந்தக் கிருமி என்று சொல்வாரில்லை; சோதித்துப் பார்க்க அருகிலே கூடமில்லை. பொட்டலம் கைமாறுகிறது, பணமும் கைமாறுகிறது. சில நாட்களில் சாவு நிற்கிறது. “மருந்தா அது? அமுதம்!” என்று மகிழ்கிறான். அடுத்த பருவத்தில் மீண்டும் சாவு. இம்முறை இரண்டு பொட்டலம். அதற்கடுத்த பருவத்தில் நோய் வரும் முன்பே பொட்டலம், “வந்த பிறகு வருந்துவானேன்?” என்று.

“அரசியல் ஏட்டிலே, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையிலே, மீனுக்கு என்ன வேலை?” என்று நீ கேட்பாய். “கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதுபவன், உயிரியலைத் தொடலாமா?” என்று மாற்றார் கேட்பர். நூல்நிலையத்தின் வாயில் பட்டம் பெற்றவருக்கு மட்டுமே திறக்கும் வாயிலன்று என்பதே அவர்களுக்கு என் விடை. உனக்கு நான் சொல்ல வேண்டிய விடை சற்று நீளமானது. இந்தக் கட்டுரை முழுதுமே அந்த விடைதான்.

நாடகக்காரன் அல்லவா, முதலில் ஒரு காட்சி காட்டிவிடுகிறேன்.

அரண்மனை. அரியணையில் மன்னன். வாளேந்திய தளபதி விரைந்து வருகிறான்.

“மன்னா! எல்லையிலே பகைவர். ஆணையிடுங்கள், படை திரட்டுகிறேன்!”

“பதறாதே, தளபதி. கூலிப்படைக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். நீ ஓய்வெடு.”

“இன்று அவர்கள் வருவார்கள், மன்னா. நாளை?”

“நாளையும் வருவார்கள். கருவூலத்திலே பொன் இருக்கிறது.”

“நம் வீரர்கள் வாளெடுக்க மறந்துவிட்டால்? கூலிப்படையின் போர்முறையைப் பகைவன் கற்றுக்கொண்டுவிட்டால்?”

மன்னன் சிரித்தான். தளபதி தலைகுனிந்து வெளியேறினான். கூலிப்படை வந்தது, வென்றது, பொன் பெற்றது. அடுத்த ஆண்டும் வந்தது, வென்றது. மூன்றாம் ஆண்டு பகைவன் புதிய கேடயத்தோடு வந்தான். கூலிப்படையின் அம்பு அதிலே பட்டு முனை மழுங்கி விழுந்தது. மன்னன் தன் தளபதியைத் தேடினான். பாசறை இருந்தது, படை இல்லை. உறை இருந்தது, வாள் துருப்பிடித்திருந்தது.

திரை!

கதைதானே என்று தள்ளிவிடாதே. மீனின் உடலுக்குள்ளே இந்த நாடகத்தின் பெரும்பகுதி உண்மையிலேயே நடக்கிறது. எவ்வாறு என்பதைப் பார்.

மீனுக்கும் ஒரு படை உண்டு. கையிலே பிடித்தால் வழுக்கி ஓடுகிறதே, அந்த வழுவழுப்பான கோழைதான் அதன் முதல் கோட்டைச் சுவர். கிருமியின் மேலுறையைக் கரைத்து உடைக்கும் லைசோசைம் என்னும் பொருள் அந்தக் கோழையிலே கலந்திருக்கிறது. சுவரைக் கடந்து உள்ளே புகும் பகைவனை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள், இரத்தத்திலும் உறுப்புகளிலும் காவல் திரிகின்றன. அதற்கும் அடுத்த அணியாக, ஒரு கிருமியை ஒருமுறை கண்டால் அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே எதிர்ப்புப் பொருளை வடித்தெடுக்கும் வெள்ளணுக்கள் உண்டு. நமக்கு எலும்பு மச்சையிலே குருதியணுக்கள் பிறக்கின்றன. மீனின் எலும்பிலே அத்தகைய மச்சை இல்லை. சிறுநீரகத்தின் தலைப்பகுதிதான் அதன் படைவீடு. செவுளுக்கு அருகிலுள்ள தைமஸ் சுரப்பிதான் பயிற்சிக்கூடம். மண்ணீரலும் உடன்நிற்கும் பாசறை. மீன் தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிரன்று. நீர் குளிர்ந்தால் அதன் படையும் மெல்லத்தான் திரளும். எனினும் திரளும்! எத்தனையோ கோடி ஆண்டுகள் மீனினத்தைக் காத்து நின்றது இந்தப் படையே.

இந்தப் படைக்குத் துணையாகத்தான் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வருகிறது. துணையென்று நான் சொல்வது ஏளனமன்று. அந்த மருந்துகள் மனித குலத்துக்குக் கிடைத்த மாபெரும் கொடை. சாவின் வாயிலிருந்து மீண்ட குழந்தைகளின் தாய்மார்களைக் கேள், அதன் பெருமையைச் சொல்வார்கள். குளத்திலே கொள்ளைநோய் புகுந்து ஆயிரக்கணக்கில் மீன் மடியும்போது, உரிய நோய்க்கு உரிய மருந்தை உரிய அளவிலே கொடுப்பவனை நான் குற்றம் சாட்டவில்லை. பகைவனின் எண்ணிக்கையை மருந்து குறைக்கிறது. எஞ்சியதை மீனின் சொந்தப் படை முடிக்கிறது. அதுவே முறை. ஆனால் அந்தத் துணைவன் சில வேளைகளில் சொந்தப் படையின் காலையும் தட்டிவிடுகிறான் என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

1980ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கெண்டை மீன்களுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்துச் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மீன் பண்ணைகளிலே உலகமெங்கும் பெரிதும் புழங்கிய மருந்து அது. ஒரு மீனின் தோலை மற்றொரு மீனின் உடலிலே ஒட்டினால், “இது என்னுடையதன்று” என்று உடல் அதனை உதறித் தள்ளும். தன்னையும் அயலானையும் பிரித்தறியும் ஆற்றல் அது. மருந்துண்ட கெண்டைகள் அயல்தோலை உதறத் தாமதம் செய்தன. எதிர்ப்புப் பொருள் ஆக்கும் அணுக்களும் அவற்றிலே குறைந்தன. கிருமியைக் கொல்ல வந்த மருந்து, கிருமியோடு போராடும் வீரனின் கையையும் கட்டியது! பின்னர் 1990களில் வானவில் ட்ரவுட் என்னும் மீனிலே செய்த ஆய்வும் அதே எச்சரிக்கையைத் தந்தது: தடுப்பூசி போட்ட மீனுக்கு இந்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், தடுப்பூசியால் பிறக்க வேண்டிய எதிர்ப்புப் பொருள் குறைகிறது.

ஏன் இப்படி? டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள் கிருமியின் உடலிலே புரதம் ஆக்கும் பொறியை நிறுத்துகின்றன. ஆனால் மீனின் அணுவுக்குள்ளேயும், நம் அணுவுக்குள்ளேயும், ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றுலைகள் உண்டு. ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்களே உயிரணுவுக்குள் குடியேறி அவ்வுலைகளாக மாறின என்பது அறிவியலார் ஏற்ற முடிவு. அவற்றுள் இருக்கும் புரதப் பொறி இன்றும் நுண்ணுயிரின் பொறியை ஒத்தது. ஆகவே, மருந்து மிகும்போது அந்தப் பொறியும் தளர்கிறது. போருக்கென்று விரைந்து பெருக வேண்டிய வெள்ளணுக்களுக்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? உலை அவிந்தால் பட்டறையில் வாள் பிறக்குமா?

எல்லா மருந்தும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சோலினிக் அமிலம் போன்ற வேறு மருந்துகளைச் சோதித்தபோது, எதிர்ப்புப் பொருளுக்கு அந்த அளவு கேடு காணப்படவில்லை. மருந்துக்கு மருந்து, மீனுக்கு மீன், அளவுக்கு அளவு விளைவு வேறுபடுகிறது. மேடையிலே கைதட்டல் வாங்குவதற்காக “மருந்தெல்லாம் நஞ்சு!” என்று முழங்குவது எளிது. அது பொய். பொய்யின் மேல் கட்டிய கோரிக்கை முதல் கேள்வியிலேயே சரியும். வேறுபாடு உண்டு என்பதால்தான், எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று அறிந்தவர் ஒருவர் குளத்தின் அருகே இருக்க வேண்டும் என்கிறோம்.

மற்றொரு படையும் உண்டு, தோழா. மீனின் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இடத்தைத் தாம் அடைத்துக்கொண்டு கெட்ட கிருமிக்கு இடமில்லாமற் செய்வதும், படைவீரருக்குப் பயிற்சி தருவதும் அவற்றின் பணி. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நல்லவர், கெட்டவர் என்ற பாகுபாடு ஏது? 2008ஆம் ஆண்டில் சிலி நாட்டு ஆய்வாளர்கள் சால்மன் மீனுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் வாழ்ந்த பல்வகை நுண்ணுயிர்கள் சுருங்கின. மருந்துக்கு அஞ்சாத ஏரோமோனாஸ் வகையே அங்கு கோலோச்சியது. நம் ஊர்க் கிணறுகளிலே கொசுவை ஒழிக்க விடும் கம்பூசியா மீனை நீ அறிவாய். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அந்த மீனை ரிஃபாம்பிசின் மருந்து கலந்த நீரிலே வைத்து ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். தோலிலும் குடலிலும் இருந்த நல்ல குடிகள் நிலைகுலைந்தன. அதன்பின் நோய்க்கிருமியை எதிரில் விட்டபோது, அந்த மீன்கள் மற்ற மீன்களைவிட எளிதில் இரையாயின.

இனி நடைமுறையின் விந்தையைக் கேள். நோயுற்ற மீன் தீவனம் உண்ணாது! மருந்தோ தீவனத்திலே இருக்கிறது! ஆகவே நோயாளிக்கு மருந்தில்லை. நலமாயிருப்பவன் வயிற்றிலே மருந்து! உண்ட மீனின் குடலிலும் ஆக்சிடெட்ராசைக்ளின் முழுதும் சேர்வதில்லை; பெரும்பகுதி கழிவாகி வெளியேறுகிறது. உண்ணாத தீவனமும், உண்டு கழித்த மருந்தும் சேற்றிலே படிகின்றன. அந்தச் சேற்றிலேதான் பகைவனின் பயிற்சிக்கூடம் நடக்கிறது. சிறிது சிறிதாக மருந்தைச் சுவைத்துச் சாகாமல் தப்பிய கிருமி, தப்பிய வித்தையைத் தன் வழித்தோன்றலுக்கு மட்டுமா தருகிறது? அருகிலிருக்கும் வேறினக் கிருமிக்கும் மரபணுத் துண்டாக அன்பளிப்புச் செய்கிறது! குளத்துக் கிருமி கற்றது, நாளை மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும் கிருமிக்கும் வந்து சேரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை சாவும் மீன்குளத்திலிருந்து வந்ததென்று நான் சொல்லவில்லை. மனித மருத்துவத்தின் பொறுப்பின்மைக்கும் கால்நடைப் பண்ணைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த நெருப்புக்குக் குளக்கரையிலிருந்தும் சுள்ளி போகிறது.

இதையெல்லாம் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லையா? சொன்னார்! அலெக்சாண்டர் பிளெமிங் சொன்னார். அந்தப் பெயரை நினைவிற்கொள், தோழா. பென்சிலினை 1928இல் கண்டவர் அவர். ஆனால் அதற்கு முன்பே, 1922இல், மனிதரின் கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் லைசோசைம் இருப்பதை உலகுக்கு அறிவித்தவரும் அவரே! உடலின் சொந்த வாளை முதலில் கண்டார். கூலிப்படையை அடுத்துக் கண்டார். உலகம் இரண்டாவதைத் தலைமேல் தூக்கிக் கூத்தாடியது, முதலாவதை மறந்தது. 1945இல் நோபல் பரிசு பெற்று உரையாற்றியபோது, அரைகுறை அளவிலே மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று அந்த மேதையே எச்சரித்தார். பரிசை வாங்கும் மேடையிலேயே தன் படைப்பின் ஆபத்தையும் சொன்ன நேர்மை அது. கேட்டவர் எத்தனை பேர்?

ஒரு நாடு கேட்டது, காலந்தாழ்த்திக் கேட்டது.

நார்வே நாட்டுக் கடலோரத்தில் 1980களில் சால்மன் வளர்ப்பு பெருகியது. குளிர்நீரிலே பரவும் ஒரு கொடிய நோய் மீனைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. மருந்தை அள்ளி இறைத்தார்கள். 1987ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 50 டன்! அன்று அந்த நாடு வளர்த்த சால்மனோ 50 ஆயிரம் டன் அளவுதான். ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ மருந்து! பின்பு அவர்கள் பாதையை மாற்றினார்கள். ஒவ்வொரு மீன்குஞ்சையும் மயக்கத்தில் ஆழ்த்தி, வயிற்றிலே தடுப்பூசி குத்திக் கடலிலே விட்டார்கள். ஒன்றல்ல, பத்தல்ல, கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு! கால்நடை மருத்துவரின் சீட்டில்லாமல் மருந்தில்லை என்றார்கள். ஒரு தலைமுறை மீனை எடுத்தபின், அந்தக் கடற்பகுதியைத் தரிசு நிலம் போல ஓய்வில் விட்டார்கள். விளைவு? 2015இல் ஏறத்தாழ 13 இலட்சம் டன் சால்மன் வளர்த்தார்கள். செலவான நுண்ணுயிர்க்கொல்லி 300 கிலோ அளவே. ஒரு டன்னுக்கு ஒரு கிலோவிலிருந்து கால் கிராமுக்கு இறங்கினார்கள்!

அதே 2015இல், உலகின் மறுகோடியில், சிலி நாட்டின் சால்மன் பண்ணைகள் 550 டன்னுக்கு மேல் மருந்தை இறைத்தன. வளர்த்த மீனோ நார்வேயினும் குறைவு. 9 இலட்சம் டன்னை எட்டவில்லை. ஒரு டன் மீனுக்கு அரைக் கிலோவுக்கு மேல்! அங்கே 1989இலேயே அடையாளம் காணப்பட்ட ஒரு கிருமி இன்றும் ஆட்டிப்படைக்கிறது. பகைவனை விழுங்கி அழிக்க வேண்டிய காவலணுவுக்கு உள்ளேயே போய்க் குடியிருந்து பெருகும் கயவன் அது! காவல்நிலையத்திலேயே கள்வன் குடியேறினால் பிடிப்பது யார்? அங்கே போட்ட தடுப்பூசிகள் அந்தக் கள்வனை முழுதாக அடக்கவில்லை. ஆகவே, “நார்வே நல்லது, சிலி கெட்டது” என்று இரண்டே சொற்களில் தீர்ப்பெழுதிவிட முடியாது. இயற்கையே அங்கே கடினமான பகைவனைத் தந்திருக்கிறது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பினோசெட் என்ற கொடுங்கோலன் 1973 முதல் 1990 வரை சிலியை ஆண்ட காலத்தில் வேர்விட்ட தொழில் அது. “தொழிலுக்குக் கடிவாளம் வேண்டாம், சந்தை தானே சீர்செய்துகொள்ளும்” என்ற வேதம் ஓதப்பட்ட காலம். பண்ணைகள் நெருங்கி நெருங்கி முளைத்தன. நோய் பண்ணைக்குப் பண்ணை தாவியது. 2007இல் மற்றொரு நோய், வைரசால் வரும் சோகை நோய், புகுந்தபோது அந்தத் தொழிலே சரிந்து, உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து தெருவில் நின்றனர். அதன் பிறகே கடிவாளத்தைத் தேடினார்கள். நார்வே நாட்டு முதலாளிகளும் சிலியிலே பண்ணை வைத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்! அதே முதல்; அதே மீன்; சட்டம் வேறு, கடல் வேறு, கண்காணிப்பு வேறு. முதலாளியின் மனச்சான்று கப்பலேறும்போது கரையிலேயே தங்கிவிடுகிறது போலும்!

நார்வேயும் பொன்னுலகமன்று. கடற்பேன் என்ற ஒட்டுண்ணியோடு இன்றும் அவர்கள் மல்லாடுகிறார்கள். அதன்மீது தெளித்த மருந்துகளுக்குப் பேனும் பழகிவிட்டது. அவர்களைப் பார்த்து அப்படியே நடக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அரசும் அறிவியலும் உழைப்பவனும் ஒரே முனைப்போடு நின்றால், 50 டன் மருந்து சில நூறு கிலோவாகச் சுருங்கும் என்பது கற்பனையன்று, கண்ட உண்மை. அதைச் சொல்லவே சொன்னேன்.

இனி நம் கரைக்கு வருவோம்.

நம் கடலோரத்திலே 1990களில் இறால் பண்ணைகள் படையெடுத்தன. நாகை வட்டாரத்து நிலமற்ற உழவர்களோடு நின்ற சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஆணையச் சட்டம் வந்தது. குளோரம்பெனிக்கால், நைட்ரோஃபுரான் போன்ற மருந்துகளுக்குத் தடையும் வந்தது. சட்டம் இருக்கிறது, தடை இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஜப்பானும் நம் இறாலிலே மருந்தின் எச்சத்தைக் கண்டு சரக்கைத் திருப்பியனுப்பிய செய்தியும் மீண்டும் மீண்டும் வந்தது. “வெள்ளைக்காரனின் சதி!” என்று உடனே முழங்கினோம். வல்லரசுகள் வணிகத்திலே சூது செய்யாத உத்தமர்கள் அல்லர்தான். ஆனால் எச்சம் சரக்கிலே இருந்ததா இல்லையா என்ற கேள்விக்குச் சதியென்பது விடையாகுமா? வெள்ளைக்காரன் திருப்பியனுப்பிய நஞ்சு நம் வீட்டுக் குழம்பிலே கொதித்தால் அது நஞ்சில்லையா? அவன் தட்டுக்கு ஒரு சோதனை. நம் தட்டுக்கு எந்தச் சோதனையும் இல்லை என்றால், தன்மானம் பேசும் நமக்கு அது தலைகுனிவல்லவா?

இறாலைப் பற்றி ஒரு சொல். 1990களின் நடுவிலே நம் பண்ணைகளைச் சுடுகாடாக்கிய வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி வைரசைத் தொடாது! மீனைப்போல் எதிர்ப்புப் பொருள் ஆக்கும் ஆற்றலும் இறாலுக்கு இல்லை. அப்படியிருந்தும் அஞ்சிய உழவன் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் கொட்டினான். திருடனைப் பிடிக்கத் தீயணைப்பு வண்டியை அழைத்தது போல! அவனைப் பார்த்துச் சிரிக்காதே. கடன் கழுத்தை நெரிக்கும்போது, கரையில் நிற்பவன் ஆராய்ச்சி நூலைப் புரட்டுவானா? அவனுக்குச் சொல்லித்தர ஆளில்லை என்பதுதான் குற்றம். அந்தக் குற்றம் அவனுடையதன்று, ஆள்வோருடையது.

நம்மிடம் அறிவு இல்லையா? இருக்கிறது. சென்னையிலே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொடுவா மீனைத் தாக்கும் நோடா வைரசுக்கு அது தடுப்பூசி கண்டிருக்கிறது. நாகையிலே 2012இல் தோன்றிய மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறிவு கூடத்திலே இருக்கிறது. குளக்கரையிலே இருப்பது பொட்டலம் விற்பவர் மட்டுமே. இடையிலே உள்ள தூரத்தைக் கடக்க வேண்டியது அரசியல். “மீனுக்கு அரசியலில் என்ன வேலை?” என்று கேட்டாயே, இதுதான் வேலை!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. மீன் வளரும் மாவட்டம் ஒவ்வொன்றிலும், ஏழைக் குத்தகைக்காரன் காலையிலே மீனைக் கொண்டுவந்தால் என்ன நோய் என்று விரைந்து சொல்லும் சோதனைக்கூடம் வேண்டும். அறிந்தவரின் சீட்டில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி விற்பனை கூடாது; எழுதிய மருந்தின் கணக்கு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். கெண்டைக்கும் விராலுக்கும் கொடுவாவுக்கும் தடுப்பூசி ஆக்கும் பணி அரசின் கையில் இருந்து, அடக்க விலையில் குளத்துக்கு வர வேண்டும். மீன் மடிந்தால் குடும்பம் மடியாதபடி காப்பீடும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். அச்சம் நீங்கினால்தான் பொட்டலம் நீங்கும். இக்கோரிக்கைகள், கோட்டையிலே மாற்றார் அமர்ந்திருந்தாலும் எழ வேண்டும். நம்மவர் அமர்ந்திருந்தாலும் எழ வேண்டும். ஆள் மாறினால் சுருதி மாறும் நாவுக்குப் பெயர் கொள்கையன்று, கூலி!

கசப்பான ஒன்றையும் சொல்கிறேன்; சினம் கொள்ளாதே. ஊராட்சிக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களிலே நம் தோழர்கள் இல்லையா? தீவனக் கடையும் மருந்துக் கடையும் வைத்திருப்பவர்களிலே நம் கொடியை வாசலிலே பறக்க விட்டவர்கள் இல்லையா? மேடையிலே மக்கள் நலம் பேசிவிட்டு, கல்லாப் பெட்டியின் அருகே பெயர் தெரியாத பொட்டலத்தை நீட்டினால், மாற்றாரைச் சாடும் உரிமை நமக்கு எங்கிருந்து வரும்? முதல் மாற்றம் நம் தோழர்களின் குளத்திலே தொடங்கட்டும். நெருக்கமாகக் குஞ்சு விடாமல், நீரைத் தூய்மையாக வைத்து, சேற்றை அகற்றிக் குளத்தைக் காயவிட்டு, நோய் கண்டால் சோதித்து, மருந்து கொடுத்தால் அதன் எச்சம் நீங்கும்வரை அறுவடையை நிறுத்திவை. செலவு சற்றுக் கூடும். காலமும் சற்றுக் கூடும். மீனின் சொந்தப் படைக்கு நீ கொடுக்கும் ஊதியம் அது.

தளபதியின் கேள்வி மன்னனின் காதிலே விழவில்லை. நம் காதிலாவது விழட்டும். கடன் வாங்கிய வலிமை கடைசிவரை வராது. உடலாயினும், ஊராயினும், இயக்கமாயினும் தன் படையைத் தானே பேணி வளர்த்தவனே நிலைப்பான். துணைக்கு வருபவனை வரவேற்போம். தளபதியை வீட்டுக்கு அனுப்பமாட்டோம்.

அடுத்த ஞாயிறு நீ உன் ஊர்க் குளக்கரைக்குப் போ. குத்தகைக்காரனோடு உட்கார். போன பருவத்தில் என்ன மருந்து போட்டான், யார் சொல்லிப் போட்டான் என்று கேள். அவன் சொல்வதைக் குறித்துக்கொள். பத்து ஊரின் குறிப்பு சேர்ந்தால் அது மனு. நூறு ஊரின் குறிப்பு சேர்ந்தால் அது மாநாட்டுத் தீர்மானம்.

போய்வா, தோழா. விடியலிலே போ. தீவனம் வீசும்போது நீர் துள்ளுகிறதா என்று பார்த்து வா.